தங்கவயலில் மைனஸ் 40 டிகிரி!

சித்திரை மாத மத்தியானம். ராபர்ட்சன்பேட்டையில் நிழல் தேடி ஓரங்கட்டிய ஒரு காரின் டேஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிகிறது. ஓட்டுகிறவர் சில நூறு ரூபாய்க்கு வாங்கிய ஸ்கேனரைச் செருகி, செல்போனில் செயலியைத் திறந்தால், 'இன்ஜினுக்குள் போகும் காற்றின் வெப்பம்: மைனஸ் 40 டிகிரி செல்சியஸ்' என்று வந்து நிற்கும். கோலார் தங்கவயல் வெள்ளைக்காரர்கள் காலத்தில் 'குட்டி இங்கிலாந்து' என்று பெயர் வாங்கிய குளுமையான ஊர்தான். அதற்காக மைனஸ் 40 என்பது கொஞ்சம் அதிகம்!

வண்டி பொய் சொல்லவில்லை. காற்றின் சூட்டை அளக்கும் சென்சார் என்பது ஒரு சின்ன மின்தடை. குளிர் கூடக்கூட அதன் தடை ஏறும், சூடு கூடினால் இறங்கும். கம்பி அறுந்துவிட்டாலோ, சாக்கெட் கழன்றுவிட்டாலோ மின்சாரமே ஓடாது. தடை அளவில்லாமல் ஏறிவிட்டதாகக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்கிறது. அதனிடம் உள்ள அட்டவணையின் கடைசிக் குளிர் பெரும்பாலான கார்களில் மைனஸ் 40. அதையே எடுத்து நீட்டுகிறது. கூடவே 'பி 0113' என்று ஒரு கோளாறுக் குறியீடும் பதிவாகும்; மெக்கானிக் பேச்சில் அதற்குக் 'கோடு' என்று பெயர். விஷயம் தெரிந்தவர் வானிலையைப் பார்க்க மாட்டார். பானெட்டைத் திறந்து, ராத்திரி எலி எந்த வயரைக் கடித்தது என்று பார்ப்பார்.

செக் இன்ஜின் லைட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம் இந்த மைனஸ் 40-லேயே இருக்கிறது. அந்த விளக்கு எந்தப் பாகம் கெட்டது என்று சொல்வதில்லை. எந்த அளவீடு கணக்குக்கு ஒத்துவரவில்லை என்று மட்டுமே சொல்கிறது. இந்த வித்தியாசம் புரியாமல் கழற்றி வீசப்படும் நல்ல சென்சார்கள் ஏராளம். அதற்கான பில்லையும் வண்டிக்காரர்தான் கட்டுகிறார்.

கம்பி அறுந்தால் தெரியும் ஊர்

தங்கவயலுக்கு ரிப்பேர் என்பது புதிய சங்கதி இல்லை. 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்க வேலையைக் கையிலெடுத்த நாளிலிருந்து, தமிழகத்து வட மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் பாறையோடு மட்டும் பழகவில்லை. பம்பு, கம்ப்ரஸர், வைண்டிங் இன்ஜின் என்று எந்திரங்களோடும் பழகின. 1902-லேயே சிவசமுத்திரத்தில் காவிரி நீரில் எடுத்த மின்சாரம் ஏறக்குறைய 147 கிலோமீட்டர் கம்பியில் இங்கே வந்து சேர்ந்தது. 1964-ல் தொடங்கிய பெமல் நிறுவனத்தின் தொழிற்சாலை, புல்டோசர் செய்யத் தெரிந்த தலைமுறைகளை உருவாக்கியது.

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டதும் ஊரின் வாழ்க்கை சக்கரங்களுக்கு மேலே ஏறிவிட்டது. மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப், உரிகம் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் விடியற்காலையில் பெங்களூரு ரயிலுக்குக் கூட்டம் நிற்கும். ரயில் நேரம் ஒத்துவராதவர்கள் பைக்கையும் காரையும் நம்புகிறார்கள். பெங்களூரு ஏறக்குறைய 100 கிலோமீட்டர். தினமும் அந்தத் தூரம் ஓடும் வண்டியில் மஞ்சள் விளக்கு எரிந்தால், சர்வீஸ் சென்டரில் ஒரு நாள் விட வேண்டும். ஒரு நாள் சம்பளமும் போகும். ஆகவே 'லைட் எரியுது, ஆனா வண்டி நல்லாத்தானே ஓடுது' என்று மாசக்கணக்கில் ஓட்டுவது நடக்கிறது. பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் பத்து நிமிஷம் வைத்து மாட்டினால் லைட் போய்விடும் என்ற வைத்தியமும் நடக்கிறது. இரண்டுக்கும் நடுவில் வீட்டு வாசலிலேயே செய்யக்கூடிய காரியம் நிறைய இருக்கிறது.

இந்த விளக்கு யாருக்காக?

வண்டிக்காரருக்கு உதவி செய்வதற்காக யாரும் இந்த விளக்கைக் கண்டுபிடிக்கவில்லை. லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தை மூடிய புகைதான் இதன் தாய்வீடு. கார் ஷோரூமிலிருந்து வரும்போது சுத்தமாக இருக்கும், நாலு வருஷம் கழித்துப் புகை கக்கும், அதைக் கண்டுபிடிக்க ஆளில்லை என்ற நிலையில், கலிஃபோர்னியாவின் காற்றுவள வாரியம் 1988 மாடல் கார்களிலிருந்து 'வண்டியே தன்னைச் சோதித்துக்கொள்ள வேண்டும்' என்று விதி போட்டது. அதன் இரண்டாம் வடிவமான ஓபிடி 2, 1996-ல் அமெரிக்கா முழுவதும் கட்டாயமானது. 2001-ல் ஐரோப்பாவின் பெட்ரோல் கார்களுக்கு வந்தது. இந்தியாவில் பிஎஸ் 4 கார்களுக்கு 2010 ஏப்ரலில் முதல் கட்டம், 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டம். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 வந்தபோது இருசக்கர வாகனங்களும் இந்த வலைக்குள் வந்தன.

ஆக, விளக்கு காவல் காப்பது சைலன்சரின் வாயை. இன்ஜின் ஆயிலின் அழுத்தம் போனால் எரிவது சிவப்பு நிற எண்ணெய்க் கூஜா. தண்ணீர் கொதித்தால் எரிவது தெர்மாமீட்டர் படம். அவை எரிந்தால் நின்ற இடத்திலேயே வண்டியை அணைக்க வேண்டும். மஞ்சள் விளக்கு எரியவில்லை என்பதால் இன்ஜின் ஆரோக்கியமாக இருக்கிறது என்று நினைப்பதும் தவறு. விளக்கை நடத்துவது சாஃப்ட்வேர். அதை எழுதுகிறவர் நினைத்தால் விளக்கை ஏமாற்றவும் முடியும். 2015 செப்டம்பரில் ஃபோக்ஸ்வாகன் கம்பெனியின் டீசல் கார்கள் சோதனைக்கூடத்தில் மட்டும் யோக்கியமாக நடந்துகொள்ளும்படி எழுதப்பட்டிருந்தது அம்பலமானபோது, சாலையில் அளவுக்கு மீறிப் புகை கக்கிய லட்சக்கணக்கான கார்களில் மஞ்சள் விளக்கு மௌனமாகவே இருந்தது. இந்தியாவிலும் அந்த ஆண்டு டிசம்பரில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைப்பதாக அந்தக் கம்பெனி அறிவித்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. விளக்கு நிலையாக எரிந்தால் வீடுவரை போகலாம். இன்ஜினில் சத்தம், நடுக்கம், வாடை ஏதும் இல்லாத வரையில். விட்டுவிட்டுக் கண்சிமிட்டினால் அப்படிப் போகக் கூடாது. ஒரு சிலிண்டர் பற்றாமல் பச்சைப் பெட்ரோல் சைலன்சருக்குள் போய், அங்கே கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் எரிகிறது என்று பொருள். உள்ளே இருக்கும் பீங்கான் தேன்கூடு உருகும் அளவுக்குச் சூடு ஏறும். ஆக்ஸிலரேட்டரைத் தளர்த்தி, ஓரங்கட்டி, மெக்கானிக்குக்கு போன் போடுவதே லாபம்.

பதினாறு பின் சாக்கெட்

ஸ்டீயரிங்குக்குக் கீழே, டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடியே எட்டும் தூரத்தில், பதினாறு ஓட்டைகளுடன் ஒரு சாக்கெட் இருக்கும். ஃபியூஸ் பாக்ஸ் மூடிக்குப் பின்னால் ஒளிந்திருப்பதும் உண்டு. மெக்கானிக் ஷெட்டில் 'ஸ்கேன் போடுறது' என்று சொல்வது இதில் செருகித்தான். ப்ளூடூத்தில் செல்போனோடு பேசும் சிறு ஸ்கேனர்களுக்கு மூலம், இஎல்எம் 327 என்ற கனடா நாட்டுச் சிப். முதல் பதிப்பை அந்த நிறுவனம் பூட்டில்லாமல் வெளியிட்டதால் சீனத்தில் நகல்கள் குவிந்தன. 2022-ல் மூல நிறுவனமே கடையை மூடிவிட்டது. நகல்களில் பாதி '1.5' என்ற பதிப்பு எண்ணைப் பெருமையோடு அச்சிட்டுக்கொண்டு வரும். மூல நிறுவனம் அப்படி ஒரு பதிப்பை வெளியிட்டதே இல்லை! ஆனாலும் கோடு படிக்க நகல் போதும். வேலை முடிந்ததும் உருவிவிட வேண்டும். சாக்கெட்டின் 16-வது பின்னில் சாவி இல்லாமலே எப்போதும் கரன்ட் இருக்கும். ஸ்கேனரைச் செருகியே வைத்துவிட்டு ஒரு வாரம் ஊருக்குப் போய்வந்தால் பேட்டரி படுத்துவிடக்கூடும்.

கோடு வந்ததும் பலர் செய்யும் காரியம், 'க்ளியர்' பட்டனை அழுத்துவது. விளக்கு அணைகிறது, மனம் குளிர்கிறது. கூடவே மிக முக்கியமான ஒரு பதிவும் அழிகிறது. விளக்கு எரிந்த அந்த நொடியில் இன்ஜின் எத்தனை சுற்றில் ஓடியது, வண்டி என்ன வேகம், தண்ணீர் எவ்வளவு சூடு, எவ்வளவு பெட்ரோல் கூட்டிக் குறைத்தது என்பதையெல்லாம் கம்ப்யூட்டர் ஒரு படம் பிடித்ததுபோல் சேமித்து வைத்திருக்கும். 'ஃப்ரீஸ் ஃப்ரேம்' என்று செயலியில் இருக்கும். மெக்கானிக்குக்கு 'எப்ப எரிஞ்சதுன்னு தெரியலண்ணா' என்பதைவிட, 'பங்காரப்பேட்டை போற வழியில, இன்ஜின் இன்னும் 60 டிகிரிகூட ஏறல, அப்ப எரிஞ்சுது' என்று சொல்லக் கொடுப்பது அந்தப் பதிவுதான். பேட்டரி டெர்மினலைக் கழற்றும் வைத்தியம் அழிப்பதும் அதையேதான். முதலில் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு, அப்புறம் அழிக்கலாம்.

கோடின் அமைப்பு எளிது. 'பி' என்றால் இன்ஜின், கியர் சமாச்சாரம். அடுத்த எண் 0 என்றால் உலகம் முழுக்க ஒரே பொருள். 1 என்றால் கம்பெனியின் சொந்தக் கோடு, இணையத்தில் தேடும்போது கம்பெனி பெயரையும் சேர்த்துத் தேட வேண்டும். மூன்றாவது இடத்தில் 1 அல்லது 2 இருந்தால் காற்று, பெட்ரோல் கலவை. 3 இருந்தால் பற்றவைப்பு. 4 இருந்தால் புகைக் கட்டுப்பாடு.

தங்கவயல் பாஷையில் 'இன்ஜின் மிஸ்ஸிங் அடிக்குது' என்பதுதான் 0300 வரிசை. பி 0302 வந்தால் இரண்டாவது சிலிண்டர். ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் காயில் இருக்கும் கார்களில் இதற்குப் பைசா செலவில்லாத ஒரு சோதனை உண்டு. இன்ஜின் ஆறிய பிறகு, சாவியை உருவிவிட்டு, இரண்டாவது காயிலைக் கழற்றி மூன்றாவதில் மாட்டி, மூன்றாவதை இங்கே மாட்ட வேண்டும். கோடை அழித்துவிட்டு ஓட்டிப் பார்த்து, அடுத்த முறை பி 0303 என்று வந்தால் கோளாறு காயிலோடு நகர்ந்துவிட்டது; காயில் ஒன்றை மட்டும் வாங்கினால் போதும். மறுபடியும் 0302 என்றே வந்தால் பிளக்கை இடம் மாற்றிப் பார்க்க வேண்டும், அப்புறம் இன்ஜெக்டர், கடைசியாக கம்ப்ரஷன். முந்தின நாள் வாட்டர் சர்வீஸ் செய்த வண்டி என்றால், பிளக் குழிக்குள் தண்ணீர் நிற்கிறதா என்று பார்ப்பது எல்லாவற்றுக்கும் முந்தியது.

மைனஸ் 40-க்கும் இதே மாதிரி ஒரு கைவைத்தியம் இருக்கிறது. இரண்டே வயர் உள்ள வெப்ப சென்சார்களுக்கு மட்டும் இது பொருந்தும். சாக்கெட்டைக் கழற்றி, அதன் இரண்டு பின்களையும் ஒரு துண்டு வயரால் இணைத்தால், செயலியில் எண் மைனஸ் 40-லிருந்து துள்ளி நூறு டிகிரிக்கும் மேலே போக வேண்டும். போனால் வயரும் கம்ப்யூட்டரும் நலம், சென்சாரை மாற்றலாம். எண் அசையாமல் நின்றால், புது சென்சார் மாட்டினாலும் அசையாது. எலி கடித்த இடத்தைத் தேட வேண்டும். ரேடியேட்டர் தண்ணீரின் சூட்டை அளக்கும் சென்சாருக்கும் இந்தக் கதை பொருந்தும். அது அறுந்தால் பல கார்களில் கம்ப்யூட்டர் பயந்துபோய் ஃபேனை நிறுத்தாமல் ஓட்டும்.

கடல் மட்டத்துக்கு மேலே ஒரு கணக்கு

வீட்டில் ஸ்கேனர் வைத்திருப்பவர்களை அதிகம் அலைக்கழிக்கும் கோடு பி 0171. கலவையில் பெட்ரோல் போதவில்லை, காற்று கூடிவிட்டது என்று பொருள். இதைச் சொல்வது சைலன்சர் குழாயில் முன்பக்கம் இருக்கும் ஆக்சிஜன் சென்சார். சொல்கிறவனையே மாற்றிவிடலாம் என்று பல பேருக்குத் தோன்றுகிறது. சில ஆயிரம் ரூபாய் கொடுத்து மாற்றியதும் புது சென்சாரும் அதையே சொல்கிறது.

கம்ப்யூட்டர் பெட்ரோல் ஊற்றும் விதம், ருசி பார்த்து ருசி பார்த்து உப்புப் போடும் சமையல்காரருடையது. காற்றை அளந்து, கணக்குப்படி பெட்ரோல் ஊற்றும். ஆக்சிஜன் சென்சார் 'போதாது' என்றால் கொஞ்சம் கூட்டும், 'அதிகம்' என்றால் குறைக்கும். இந்தக் கூட்டல் கழித்தலைச் செயலியில் 'ஃபியூல் ட்ரிம்' என்று சதவீதத்தில் பார்க்கலாம். குறுகிய கால எண் நொடிக்கு நொடி ஆடும். நீண்ட கால எண் மெதுவாக நகரும். இரண்டையும் கூட்டினால் பத்து சதவீதத்துக்குள் ஆடுவது சகஜம். இருபத்தைந்தை நெருங்கினால் கம்ப்யூட்டர் கையை விரித்துவிட்டு விளக்கை ஏற்றும்.

எந்த நேரத்தில் இந்த எண் ஏறுகிறது என்பதில்தான் பதில் இருக்கிறது. வண்டியை நிறுத்தி ஐடிலிங்கில் 20 சதவீதம் காட்டி, 2,500 சுற்றுக்கு ஏற்றியதும் 5 சதவீதத்துக்கு இறங்கினால், எங்கோ ஒரு ரப்பர் குழாயில் வெடிப்பு, திருட்டுக் காற்று உள்ளே போகிறது. ஐடிலிங்கில் நன்றாக இருந்து, மேடேறும்போது எண் ஏறினால், பெட்ரோல் பம்ப்போ ஃபில்டரோ சோர்ந்திருக்கிறது. சென்சார் கடைக்குப் போவதற்கு முன் இந்த இரண்டு நிமிஷம் செலவழிக்கலாம்.

யூடியூபில் அமெரிக்க வீடியோ பார்த்துச் செய்பவர்கள் ஒரு விஷயத்தில் ஏமாறுகிறார்கள். அங்கே காட்டும் பல கார்களில் உள்ளே போகும் காற்றை நேராக அளக்கும் சென்சார் உண்டு. நம் சாலைகளில் ஓடும் சின்னப் பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் 'மேப்' சென்சார்தான். இதில் குழாய் வெடித்தால், திருட்டுக் காற்றும் அழுத்தக் கணக்கில் சேர்ந்துவிடும். கம்ப்யூட்டர் அதற்கும் பெட்ரோல் ஊற்றிவிடும். 0171 வராமல், ஐடிலிங் மட்டும் ஏறி இன்ஜின் உறுமிக்கொண்டு நிற்கும். அதே வீடியோக்களில் முதலில் சொல்லும் யோசனை, பெட்ரோல் டேங்க் மூடியை இறுக்கு என்பது. டேங்க் ஆவி கசிகிறதா என்று வண்டியே சோதிக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. ஐரோப்பிய முறையைத் தழுவிய நம் விதிகளில் அது அப்படி இல்லை. இங்கே மூடியை இறுக்கி விளக்கு அணைவது அபூர்வம்.

மேப் சென்சாரைச் சோதிக்கத் தங்கவயல்காரர்களுக்கு மட்டும் ஒரு தனி எண் உண்டு. ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இன்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் ஆன் செய்தால், மேப் சென்சார் வெளிக்காற்றின் அழுத்தத்தையே காட்ட வேண்டும். சென்னையில் அது 101 கிலோபாஸ்கல்; ராபர்ட்சன்பேட்டையில் 91 அல்லது 92. மெரினாவில் நிற்கும் மச்சானின் கார் காட்டும் எண்ணோடு ஒப்பிட்டு 'நம்ம சென்சார் போச்சு' என்று முடிவுகட்டினால் காசு தண்டம். இங்கே 101 காட்டினால்தான் சந்தேகப்பட வேண்டும்.

பெட்ரோலும் மாறிவிட்டது. 2023 பிப்ரவரி 6-ல் பிரதமர் மோடி பெங்களூருவில்தான் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனையைத் தொடங்கிவைத்தார். இன்று அதுவே எங்கும் சாதாரணப் பெட்ரோல். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால், ஒரே அளவு காற்றுக்கு அதிக எரிபொருள் ஊற்ற வேண்டும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற பழைய கணக்கு, 20 சதவீதக் கலவையில் 13.5-க்குப் பக்கமாக இறங்குகிறது. 10 சதவீதக் கலவைக்குப் பழகிய காரில் ஃபியூல் ட்ரிம் நாலைந்து சதவீதம் கூடினால் அது நோய் இல்லை. ஏற்கெனவே ஒரு சிறு கசிவோடு 20 சதவீதத்தில் தள்ளாடிக்கொண்டிருந்த பழைய வண்டிக்கு, அந்த நாலைந்து விளக்கை ஏற்றிவிடும். அப்போது கசிவைக் கண்டுபிடிக்காமல் பங்க்காரரைத் திட்டிப் பயனில்லை. வெளியில் போட்ட சிஎன்ஜி கிட் சரியாக ட்யூன் செய்யப்படாமல் இருந்தாலும் இதே குழப்பம் வரும்.

சைலன்சருக்குள் ஒரு சுரங்கம்

பி 0420 வந்தால் பலருக்கு நெஞ்சு அடைக்கும். கேட்டலிடிக் கன்வெர்ட்டரின் திறன் குறைந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய மூன்று உலோகங்கள் மெல்லிய பூச்சாக இருக்கின்றன. 2021 மார்ச்சில் ஒரு அவுன்ஸ் ரோடியம் ஏறக்குறைய 29,000 டாலரைத் தொட்டபோது, ஒரு அவுன்ஸ் தங்கம் 1,700 டாலர் சுமாருக்கு விற்றது. நூற்றிருபது ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கம் எடுத்த ஊரில், கடைசிக் காலத்தில் ஒரு டன் பாறையை மூன்று கிலோமீட்டர் ஆழத்திலிருந்து ஏற்றிக் கொண்டுவந்து அரைத்தால் கிடைத்தது சில கிராம்தான். கட்டுப்படியாகாமல் மூடினார்கள். இன்று ஆண்டர்சன்பேட்டைத் தெருவில் நிற்கும் ஒவ்வொரு பெட்ரோல் காரின் வயிற்றுக்கடியிலும் தங்கத்தின் இனத்து உலோகங்கள் சில கிராம் தொங்குகின்றன. பழைய கன்வெர்ட்டரைக் கழற்றிப் போட்டால் பழைய இரும்பு விலை மட்டும் பேசும் கடையில் உஷாராக இருப்பது நல்லது.

மாற்றுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, அது ஏன் கெட்டது என்பது. கன்வெர்ட்டர் தானாகச் சாவது குறைவு. மாசக்கணக்கில் கவனிக்காத மிஸ்ஸிங், ஆயில் குடிக்கும் இன்ஜின் இவைதான் அதைக் கொல்லும். மூல காரணத்தை விட்டுவிட்டுப் புதிதாக மாட்டினால் அதுவும் அதே வழியில் போகும். சில நேரம் கன்வெர்ட்டர் உயிரோடுதான் இருக்கும். குழாய் ஜாயின்ட்டில் ஓட்டை விழுந்து, வெளிக்காற்றை உறிஞ்சி, கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரைக் குழப்பும். காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் அடியில் 'புஸ் புஸ்' என்று சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்டால் தெரிந்துவிடும். வெல்டிங் கூலியோடு வேலை முடியும்.

பழைய மெக்கானிக்குகள் சிலரின் பழக்கம் ஒன்று இன்னொரு கோடைக் கொண்டுவருகிறது. 'நம்ம ஊரு வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்கு?' என்று அதைக் கழற்றி வீசிவிடுவார்கள். தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் சூடேற நேரம் பிடிக்கும். மார்கழிக் காலையில் தங்கவயல் குளிரில் அது 80 டிகிரியைத் தொடுவதற்குள் ஸ்டேஷனே வந்துவிடும். கம்ப்யூட்டர் பி 0128 போடும். அதுவரை குளிர்ந்த இன்ஜினுக்கென்று கூடுதல் பெட்ரோல் ஊற்றிக்கொண்டேயிருக்கும். 'மைலேஜ் குறைஞ்சுபோச்சு' என்ற புலம்பலுக்கும் இந்தக் கோடுக்கும் சொந்தம் உண்டு.

பிஎஸ் 6 டீசல் கார்களின் தொந்தரவு வேறு மாதிரி. கரியைப் பிடித்து வைக்கும் 'டிபிஎஃப்' என்ற சல்லடை, நிரம்பியதும் 600 டிகிரி அளவுக்குத் தன்னைச் சூடாக்கி எரித்துக்கொள்ள வேண்டும். ராபர்ட்சன்பேட்டைக்கும் உரிகத்துக்கும் நடுவில் நாலு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டிக்கு அந்தச் சூடு வராது. அதன் தனி விளக்கு எரிந்த உடனேயே, நிற்காமல் இருபது நிமிஷம் 60 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டினால் பெரும்பாலும் சரியாகும். பேத்தமங்கலம் பக்கம் எக்ஸ்பிரஸ்வே வந்திருப்பது இதற்கு வசதி. அதையும் தட்டிக்கழித்து இன்ஜின் விளக்கும் சேர்ந்து எரிந்தால் ஸ்கேனரால் ஆகாது, கம்பெனிக்கே போக வேண்டும். சல்லடையையே வெட்டி எடுத்துவிடும் யோசனை சட்டவிரோதம்.

பைக்குகளில் பதினாறு பின் சாக்கெட் இருக்காது. பிஎஸ் 6 பைக் பலவற்றில் சீட்டுக்கடியில் ஆறு பின் சாக்கெட் இருக்கும். மாற்று கேபிள் தனியாக வாங்க வேண்டும். ஹோண்டாவின் சில மாடல்களில் ஸ்கேனரே வேண்டாம். விளக்கு தானே சிமிட்டிச் சொல்லும்: நீளமான ஒரு சிமிட்டல் பத்து, குட்டிச் சிமிட்டல் ஒன்று.

வீட்டில் தொடக் கூடாதவையும் உண்டு. ஏர்பேக் வயர்கள், அழுத்தத்தோடு இருக்கும் பெட்ரோல் லைன், சூடான ரேடியேட்டர் மூடி இவற்றை மெக்கானிக்கிடம் விடுவதே புத்திசாலித்தனம். பேட்டரியை மட்டும் யாரும் பார்க்கலாம். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட், இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட் அளவு இருக்க வேண்டும். சோர்ந்த பேட்டரி ஒரே நேரத்தில் ஏழெட்டுக் கோடுகளைக் கொட்டும். சம்பந்தமில்லாத கோடுகள் கூட்டமாக வந்தால் முதல் சந்தேகம் அதன்மேல்தான்.

கோளாறு சரியானதும் பட்டனை அழுத்தித்தான் விளக்கை அணைக்க வேண்டும் என்றில்லை. தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் அந்தக் கோளாறு திரும்பாவிட்டால் வண்டியே விளக்கை அணைத்துவிடும். கோடு மட்டும் உள்ளே நினைவில் இருந்து, நாற்பது முறை இன்ஜின் சூடேறி ஆறிய பிறகு மறையும்.

இந்த ஞாபகசக்தி பழைய கார் வாங்குகிறவர்களுக்கு வரப்பிரசாதம். கேஏ 08 நம்பர் போட்ட, ஒரே கை ஓட்டிய, பெங்களூரு போய்வந்த வண்டி என்று சொல்லிக் காட்டுவார்கள். முதலில் சாவியைத் திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல் டேஷ்போர்டைப் பார்க்க வேண்டும். மஞ்சள் விளக்கு ஒரு தடவை எரிந்தே ஆக வேண்டும். எரியவே இல்லை என்றால் யாரோ அதன் வாயை அடைத்திருக்கிறார்கள். அடுத்து ஸ்கேனரைச் செருகினால் கோடு ஒன்றுமே இருக்காது, எல்லாம் சுத்தம். அப்போது 'ரெடினெஸ்' பக்கத்தைத் திறக்க வேண்டும். கன்வெர்ட்டர், ஆக்சிஜன் சென்சார் என்று வண்டி தானாகச் செய்யும் சோதனைகள் முடிந்தனவா இல்லையா என்று அங்கே இருக்கும். பாதிக்கு மேல் 'முடியவில்லை' என்று காட்டினால், இன்று காலையிலோ நேற்றோ யாரோ எல்லாக் கோடுகளையும் அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட வண்டிக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன், விற்பவரையும் பக்கத்தில் உட்காரவைத்து இரண்டு மூன்று நாள் பங்காரப்பேட்டை வரை போய்வந்து, மறுபடியும் ஸ்கேனரைச் செருகிப் பார்த்துவிட்டு விலை பேசலாம்.